கரி விழுந்த வானம்

கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்த முதல் கோடையில் ஒரே ஒரு படம் வரைய ஆசைப்பட்டேன். முன்பு பார்த்து மனதில் நின்ற பனமலைக் குன்று, அதன் உச்சியில் கோயில், கீழே ஏரி, எல்லாவற்றுக்கும் மேலே நல்ல நீல வானம். திண்டிவனத்தில் படித்தபோது டிராயிங் டீச்சர் வாட்டர் கலர் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பெயின்ட் பெட்டியைச் சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் ரயில் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். எங்கள் குவார்ட்டர்ஸ் இஞ்சின் ஷெட்டுக்கு எதிரிலேயே இருந்தது.

வானத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. காகிதத்தை முதலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் நீலத்தை மேலிருந்து கீழே இழுத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் பிரஷ் பாதி தூரம் போவதற்குள் காகிதம் அப்பளம்போல் காய்ந்துவிடும். மேலே ஒரு நீலம், கீழே ஒரு நீலம், நடுவில் புடவை மடிப்புபோல ஒரு கோடு. கிழித்துப் போட்டேன். மறுபடியும் அதே கோடு.

சரி, வெயில் ஏறுமுன் வரையலாம் என்று ஒரு நாள் விடிந்ததுமே ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நீலம் ஒரே சீராக இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷெட்டில் ஓர் இஞ்சின் புகை கக்கியது. கரித்தூள் பொலபொலவென்று வந்து ஈர வானத்தில் உட்கார்ந்தது. விரலால் எடுக்கப் போனேன், இழுவிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா, கெடார் ஊர்க்காரர், வேகவைத்த மல்லாட்டையோடு, அதுதான் வேர்க்கடலையோடு, வந்தார். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அய்ய, இதுக்கா அழுவுற? ஆகாசத்துல எவ்ளோ காக்கா பறக்குது பாரு! அழகா போட்டிருக்கியே!"

"அது காக்கா இல்லக்கா, கரி."

"கரின்னு நீ சொன்னாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மல்லாட்டையை உரித்தார்.

அடுத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வரைந்தேன். கணவர் நைட் டூட்டி முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். பாய் நனைய வேர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா இது? ஜன்னலத் தொற. வெந்துக்கினு கிடக்கிறேன்."

"தொறந்தா உங்க இஞ்சினு வூட்டுக்குள்ள வந்துடுதுங்க."

"அதுக்கு இன்னா பண்றது? கரி போடாம ரயிலு ஓடுமா?"

அவர் மேல் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லை. அன்று சாயங்காலம் பிளாட்பாரத்திலிருந்து வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்தார். கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தந்தார். சில்லென்று இருந்தது. கோபத்தோடேயே தின்றேன்.

மறுநாள் அவரே பழைய வேட்டியை நனைத்து ஜன்னலில் கட்டினார். காற்றும் வந்தது, கரியும் நின்றது, அறையும் குளிர்ந்தது. இனி வானம் வந்துவிடும் என்று பெட்டியைத் திறந்தால், நீல வில்லை இருந்த குழியில் வெறும் தகரம் தெரிந்தது. கெட்டுப்போன வானங்களிலேயே அத்தனையும் தீர்ந்திருந்தது. விழுப்புரம் கடைத்தெரு முழுக்கத் தேடியும் அந்த நீலம் கிடைக்கவில்லை. கணவர் வேட்டிக்குப் போடுகிற சலவை நீலத்தை வாங்கி வந்து நீட்டினார்.

"இதுவும் நீலந்தான?"

கோந்து கலந்து ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்தேன். காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

வெறுத்துப்போய், இருந்த பழுப்பையும் பச்சையையும் வைத்துக் குன்றையும் கோயிலையும் வரைந்தேன். ஏரிக்கு மிச்சமிருந்த சாம்பல் நிறம். வானத்தை அப்படியே காகித வெள்ளையாக விட்டுவிட்டேன். கணவர் நெடுநேரம் பார்த்தார்.

"மத்தியானத்துல வரைஞ்சியா? வெயிலு கண்ணு கூசுது."

வெளியே எட்டிப் பார்த்தேன். வானம் வெளுத்துத்தான் கிடந்தது. அவர் சொன்னது சரிதான். படத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டவும் செய்தார். வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் எனக்கு நீலம்தான் வேண்டியிருந்தது.