லாச்சப்பலிலிருந்து ஒரு பை சாமிப்பூ

நவராத்திரி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு எங்கள் குடும்பம் ஒரு முடிவுக்கு வந்தது. பூப்பையை மெட்ரோவில் அல்ல, ஆர்.ஈ.ஆர். புறநகர் ரயிலில் கொண்டுபோவது. விளைவுகளை முழுமையாக உணர்ந்தே இம்முடிவு எடுக்கப்பட்டது.

சாமிக்கு வைத்த பூவைக் கால் படாத இடத்தில்தான் போட வேண்டும். பாரிஸில், எங்கள் லாச்சப்பலில் அப்படியொரு இடம் கிடையாது. செய்ன் நதியில் போட்டால் அபராதம். பால்கனியில் பை நொதிக்கத் தொடங்கியதும் மேல்வீட்டுக்காரர் படிக்கட்டில் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

“இஞ்சாருங்கோ, திரும்பக் கொண்டு வந்திடாதேங்கோ,” என்றாள் மனைவி. “குப்பைவாளியிலை போட்டனீங்களெண்டாலும் எனக்குச் சொல்லாதேங்கோ.”

கார் து நோர் நிலையத்திலிருந்து லா கூர்னெவ் இரண்டாவது நிறுத்தம். டிக்கெட் இரண்டரை யூரோ. எதிரே இருந்தவர் பையை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். இடம் தாராளமாக இருந்தது. அங்கே இறங்கினால், பலரும் பாத்தி போடும் பொதுத் தோட்டத்துக்குப் பத்து நிமிட நடை.

அங்கே குகன் அண்ணை இருந்தார். வாரநாளில் லாச்சப்பல் உணவகமொன்றில் சமையல். ஞாயிற்றுக்கிழமை கத்தரிப் பாத்தியும் உரப்பெட்டியும். எங்கள் ஆட்களின் சாமிப்பூ அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது. பக்கத்தில் தோட்டப் பொறுப்பாளரான பிரெஞ்சு மதாமும் நின்றார். வசந்தத்தில் உரத்தோடு மாலைநூல் வந்து அவருடைய கரட்டைச் சுற்றிக்கொண்டதாம். இன்னொரு நூல் கண்ணில் பட்டால் இனிப் பூவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

“நூல் எல்லாம் எடுத்தாச்சோ?” என்றார் அண்ணை.

“ஓம் அண்ணை.”

“சரிகை?”

நான் பையைத் திறந்து காட்டினேன்.

“உங்கட அம்மனுக்கு மினுங்காட்டிப் பிடிக்காதோ?”

இருவரும் குந்தியிருந்து சரிகையை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தோம். ஈரப்பூ தனியாகக் கிடந்தால் அழுகி நாறும் என்பதால், பூவைவிட இரட்டிப்பாகச் சருகும் கிழித்த காட்போட் மட்டையும் அண்ணை கலந்தார். மதாம் முழங்கை வரை கைவிட்டுத் துழாவினார். முகர்ந்தார். “செ பொன்,” என்றார்; சரியாம். விசா கிடைத்த நாளில்கூட நான் இப்படி மூச்சு விட்டதில்லை.

மனைவிக்கு அழைத்துச் சொன்னேன். அவளும் பெருமூச்சு விட்டாள். பிறகு, “அந்த உரத்தை எதுக்குப் போடுவினம்?” என்றாள்.

“கத்தரிக்கு.”

“சாமிப்பூவிலை விளைஞ்ச கத்தரிக்காயைக் கருவாட்டோடை சமைக்கலாமோ?”

போனை அண்ணையிடம் கொடுத்தேன்.

“மண்ணானாப் பிறகு அது மண்தான், தங்கச்சி.”

“நீங்கள் சமைப்பியளோ?”

அண்ணை போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுச் சருகு அள்ளப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: நூலையும் சரிகையையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பூவை ஒருநாள் உலரவிட்டுக் கடதாசிப் பையில் கொண்டுபோங்கள். பாலும் எண்ணெயும் பட்டதைப் பெட்டியில் போடாதீர்கள், எலி வரும். ஞாயிறு காலை நல்லது. வெறுங்கையோடு திரும்பும் பயணம் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணை பெட்டியின் நடுவே ஒரு பலகை அடித்தார். ஒரு பக்கத்து உரம் கத்தரிக்கு. சாமிப்பூ போடும் மற்றப் பக்கத்து உரம் செவ்வந்திக்கு.