சொட்டு மருந்தை நிறுத்திய ஒன்பது நாட்கள்

என் தங்கைக்குப் பெண் குழந்தை ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டது. வயிற்றில் இருக்கும் கடைசி வாரங்களில்தான் குழந்தை தாயிடமிருந்து இரும்புச் சத்தை அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். அந்த வாரங்கள் இவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஒரு மாதம் ஆனதும் இரும்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

தங்கை பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். காலையிலாவது அவள் தூங்கட்டும் என்று, மருந்து கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். நேரம், அளவு, மலத்தின் நிறம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

நான்காம் நாள் மலம் கறுப்பாக இருந்தது. குடலில் ரத்தம் கசிகிறதோ என்று பயந்து மருந்தை நிறுத்தினேன். கலங்குவாள் என்று தங்கையிடம் சொல்லவில்லை. இரண்டு நாளில் நிறம் மஞ்சளாக மாறியதும், செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து, செக்கப்பில், நர்ஸ் அந்த நோட்டைப் புரட்டினார்.

“ஏன் சார் நிறுத்துனீங்க? இந்த டிராப்ஸ் போட்டா மோஷன் கறுப்பாத்தான் போவும். எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்படித்தான்.”

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இவ்ளோ எழுதுனியேண்ணா, ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?”

குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் முன்பைவிடக் குறைந்திருந்தது. டாக்டர் திட்டவில்லை, அன்றே மறுபடி தொடங்கச் சொன்னார்.

மறுநாள் காலை தங்கை அலாரம் வைத்து எழுந்து வந்து, மருந்துப் புட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.