மொட்டைத் தலையில் ஜெர்மன் தொப்பி

திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து, புத்தூரில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் தோல் தைக்கும் கடை. உச்சியில் பித்தளைக் கூர்முனை வைத்த பழைய ஜெர்மன் ராணுவத் தொப்பியில், பிரிந்துபோன உள்பட்டையை கடைக்காரி முருகம்மா கையாலேயே தைக்கிறாள். சென்னையில் பழைய பொருள் சேர்ப்பவர் ஒருவர் கொடுத்ததாம். ஊசி பழைய ஓட்டைகளிலேயே நுழைகிறது.

“புதுசா ஓட்டை போட்டா என்ன?”

“தோலு கிழிஞ்சிப் பூடும்க்கா. செத்த உக்காரு, உன் தலை வேணும். பட்டை எங்க இழுக்குதுன்னு முடி இருந்தா தெரியாது.”

சந்தனத்தைத் துடைத்துவிட்டுத் தொப்பியை என் தலையில் வைக்கிறாள். கச்சிதம்.

“ஆடாதக்கா, பாத்துக்கினு கீறேன்.”

என் பஸ் வந்து, கிளம்பிப் போகிறது. மலையிலிருந்து இறங்கிய வேன் ஒன்று வந்து நிற்கிறது. உள்ளே எல்லாம் மொட்டைகள். கூர்முனைத் தொப்பியோடு சிலைபோல் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்ததும் எல்லாரும் கைகூப்பி, “கோவிந்தா!” என்கிறார்கள்.

தலையை அசைக்காமல் நானும் சொல்கிறேன்: “கோவிந்தா!”