சந்தனம் பூசிய நாலு டயரும் அமரவிளைப் பாலமும்

இந்நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பதினொன்றே முக்கால். சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் கண்ணயர்ந்தான். ஹாஸ்டல் தோழிகள் ஆறு பேருக்குள் தபாலில் சுற்றிவரும் இந்தப் பயண நோட்டு என்னிடம் வந்து பத்து நாளாகிறது. நாளைக் காலைத் தபாலில் சரோஜாவுக்குப் போயாக வேண்டும். போன தடவை குற்றாலம் போன கதையை எவ்வளவு ரசித்து எழுதியிருந்தேன்! இந்தத் தடவை ரசிக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு மைல் போய்ப் பாதியில் திரும்பிய பயணம் இது. ஆனாலும் உங்களில் மூன்று பேர் வீட்டில் பழைய கார் நிற்கிறது. அதனால் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

எங்கள் கார் 1934 மாடல், கம்பி வீல், மாமனார் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைப்பதுதான் என் வீட்டுக்காரருக்கு வழிபாடு. இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை சின்னவனுக்குத் திருச்செந்தூரில் மொட்டையடித்துக் காது குத்துவதாக நேர்ந்திருக்கிறோம். கரமனையில் எங்கள் வீட்டிலிருந்து நூறு மைலுக்குக் குறையாது. மாமனார், மாமியார், நாங்கள் இருவர், நாலு வயது மீனா, ஏழு மாதக் கைக்குழந்தை, ஆக ஆறு உயிர் அந்தக் காரில். எனவே நாலு டயரையும் மாற்றிவிட்டு, ஒத்திகைபோல நாகர்கோவிலில் என் அம்மா வீட்டுக்கு ஒரு நடை போய்வருவது என்று ஏற்பாடு.

டயர் வாங்குவதுதான் பெரும் பாடு. எங்கள் காருக்குப் பத்தொன்பது இஞ்ச் வீல், ஒல்லியான டயர். இப்போது வரும் கார்களுக்கெல்லாம் வீல் சிறுத்துவிட்டது. மூன்று கடையில் கையை விரித்தார்கள். நாலாவது கடை, சாலை என்று பேர்பெற்ற எங்கள் ஊர்க் கடைத்தெருவில். கடைக்காரர் நாகர்கோவில்காரர், அதிலும் என் மாமனார் பிறந்த தெரு. இதைக் கேட்டதுமே என் வீட்டுக்காரர் பாதி விழுந்துவிட்டார். "மிலிட்டரி டிஸ்போசல் சரக்கு, பட்டாளத்துல ஏலம் விட்டது, சுத்துன காயிதம் பிரிக்காதது" என்று கடைக்காரர் நாலு டயரை எடுத்து வைத்தார். ஒன்று ஐம்பத்திரண்டு ரூபாய். அளவு 4.50-19, காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற அதே அளவு. கட்டம் கட்டமான அந்தக் காலத்துப் பேட்டர்னும் படத்தில் இருப்பதுபோலவே இருந்தது. இவர் மீதியும் விழுந்துவிட்டார்.

பணம் கொடுத்ததும் கடைக்காரர் கற்பூரம் கொளுத்தி, ஒவ்வொரு டயரின் இரு பக்கத்திலும் சந்தனத்தை அப்பளம்போல் அப்பி, குங்குமம் வைத்தார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அண்ணாச்சி, இது எந்த வருசம் செஞ்சது?"

அவர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி காலேஜுல படிச்சிருக்கோ? அதான் டயருக்குப் பொறந்த நாளு என்னன்னு கேக்கு!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"மொத யாத்திரை முடியுத மட்டும் சந்தனத்தைத் தொடைக்கப்பிடாது, பாத்துக்கிடுங்க. ராசி போயிரும்" என்றார் கடைக்காரர். டயர்களைக் கடைப் பையனே வீலில் மாட்டிக் கொடுத்தான், நாங்களும் துடைக்கவில்லை. பௌதிகம் படித்தவள்தான் நான். இருந்தாலும் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி, ராசி போய்விடும் என்று ஒருவர் சொன்ன பிறகு துடைக்கக் கை வருமா, சொல்லுங்கள்?

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு நாங்கள் இருவரும் பிள்ளைகளோடு கிளம்பினோம். பாலராமபுரத்தில் ஒரு காப்பி, நெய்யாற்றின்கரையில் மீனாவுக்கு வாழைப்பழம். சிமெண்ட் ரோடு, நல்ல ரோடு. இவர் முப்பது மைல் வேகத்துக்குப் போய்விட்டார். மெதுவாகப் போகச் சொன்னதற்கு, "புது டயருட்டி, வெண்ணெ மாதிரி போகுது பாரு" என்றார். அமரவிளைப் பாலம் கண்ணில் பட்டபோது மணி ஏழு ஐந்து. அப்போது அம்பலத்துத் திருவிழாவில் கதினா வேட்டு வெடித்ததுபோல ஒரு சத்தம். முன்பக்க இடது டயர். வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ரோடு வேலைக்குக் குவித்திருந்த ஜல்லியில் மோதி நின்றது. குழந்தை என் மடியில்தான் இருந்தான், ஒன்றும் ஆகவில்லை. மீனா முன் சீட்டில் இடித்து நெற்றி புடைத்துவிட்டது. இறங்கியதும் நான் அடியெடுத்து அளந்தேன். ஜல்லிக் குவியலிலிருந்து ஆற்றுச் சரிவுக்குப் பதினொரு அடி வைப்பு. அந்த ஜல்லியைக் கொட்டி ஒரு மாதமாக அள்ளாமல் போட்டிருந்த சோம்பேறிக்கு என் நமஸ்காரம்.

அந்த வழியே போன பஸ் டிரைவர் நெய்யாற்றின்கரையில் சொல்லி அனுப்பி, ஒரு மெக்கானிக் சைக்கிளில் வந்தார். நாற்பது வயதிருக்கும். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. வெடித்த டயரைப் புரட்டிப் பார்த்தார்.

"சாரே, இது எவிடெ வாங்கிச்சு?"

"சாலைக் கடைத்தெருவுல. புது டயர்" என்றார் இவர்.

"புதுசோ? ஆரு பறஞ்சு?"

தோளில் கிடந்த துண்டால் சந்தனத்தை அழுத்தித் துடைத்தார். உள்ளே ரப்பர் முழுக்கப் பித்த வெடிப்புபோலக் கீறல் கீறலாக இருந்தது. டயருக்குள் கைவிட்டு, ஓட்டையை மறைக்க வைத்திருந்த ஒரு பழைய கான்வாஸ் துண்டை உருவி எடுத்தார். மேலே தெரிந்த அழகான கட்டங்கள் அச்சில் வந்தவையே அல்லவாம்.

"தேய்ஞ்சு வழுக்கையாயி. பின்னே கத்தி வெச்சு வெட்டி வெட்டி கோடு போட்டிருக்கு. கறுத்த பெயிண்டும் அடிச்சு. சேச்சி, இந்தச் சந்தனம் தெய்வத்துக்கு இட்டதல்லா. நம்ம கண்ணுக்கு இட்டது."

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மற்ற மூன்று டயரையும் துடைக்கப் போனேன். இவர் தடுக்கிறார்! "யாத்திரை முடியல்லியே. மத்த மூணும் நல்லாத்தானே இருக்கு. நீ சும்மா கெடட்டி."

"புள்ள நெத்தியப் பாருங்க. இதுக்கு மேல என்ன ராசி?" என்று சொல்லி, மூன்றையும் துடைத்தேன். இரண்டில் அதே கீறல். மூன்றாவதில் கத்திக் கோடு ரப்பரைத் தாண்டி அடியிலுள்ள கான்வாஸ் தெரியுமளவு ஆழமாகப் போயிருந்தது.

ஸ்பேர் டயரை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் இரண்டரை ரூபாய்தான் வாங்கினார். நான் பிள்ளைகளோடு பஸ் ஏறினேன். ஏழணா டிக்கெட். பத்து இருபதுக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். இவர் ஆள் நடக்கிற வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டு மதியம் வந்து சேர்ந்தார்.

திங்கட்கிழமை கடைக்குப் போகச் சொன்னால், "நம்ம தெருக்காரரு மொகத்தப் பாத்து எப்பிடிட்டி கேக்க? அப்பாக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு" என்கிறார். இதுதான் நம்மவர்களின் வியாதி. வேற்று ஊர்க்காரன் கடையில் ஒரு தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். நம்ம ஊர்க்காரர் கொடுத்தால் குழந்தைகள் உயிரையும் தட்டிப் பார்க்காமல் கட்டி எடுத்து வருவார்கள்.

நானே போனேன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. கடை வாசலில் சந்தனம் அப்பிய டயர்கள் வரிசையாக நின்றன. ஒருவர் அவற்றில் இரண்டைப் பொறுக்கி வைத்துவிட்டுப் பர்ஸை எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஓட்டுனவன் கைப்பெழைக்கு டயரு என்ன செய்யும் தங்கச்சி? மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க, பேசிக்கிடுவோம்" என்றார் கடைக்காரர்.

பையில் குழந்தையின் ஈரத்துணி இருந்தது. என்ன ஈரம் என்று கேட்காதீர்கள். அதை எடுத்து முதல் டயரின் சந்தனத்தைத் துடைத்தேன். கீறல். இரண்டாவதைத் துடைத்தேன். அதுவும் கீறல்.

"தங்கச்சி, உள்ள வாங்க. கடைக்கு முன்ன நின்னு பேசாண்டாம்."

"நான் எங்க அண்ணாச்சி பேசுகேன்? தொடைக்கேன்."

பர்ஸை எடுத்தவர் குனிந்து பார்த்தார். பிறகு பர்ஸை மடித்து உள்ளே வைத்துவிட்டு நடந்தார். மூன்றாவது டயருக்கு நான் குனிவதற்குள் கல்லாப்பெட்டி திறந்துவிட்டது. எங்கள் மூன்று டயருக்கு நூற்றைம்பத்தாறு ரூபாய் திரும்ப வந்தது; டயர்களை மறுநாள் கடைப் பையன் வந்து எடுத்துப்போனான். வெடித்த டயருக்கு ஒரு தம்பிடி தர மாட்டேன் என்றார். மீதி டயர்களை இன்னும் யாருக்கோ விற்றுக்கொண்டுதான் இருப்பார். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, பழைய காருக்கு டயர் வாங்கப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அளவும் பேட்டர்னும் புத்தகத்தில் உள்ளதுபோல் இருப்பது அவசியம்தான், ஆனால் அது போதாது. நகத்தால் ரப்பரை அழுத்துங்கள். உயிருள்ள ரப்பர் உள்வாங்கி மீளும். செத்த ரப்பர் நகத்தைத்தான் மடக்கும். பக்கவாட்டை வளைத்தால் கீறல் வாய் திறக்கும். கோடுகளின் ஓரம் நெளிந்திருந்தால் அது கத்தி வேலை. உள்ளே கையை விட்டுத் தடவாமல் எடுக்காதீர்கள். முன் வீல் இரண்டுக்கும் ஒரே மாதிரி டயர் வேண்டும். சாமி கும்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் துடைத்துப் பார்த்த பிறகு கும்பிடுங்கள்.

இப்போது கார் எங்கள் முற்றத்தில் செங்கல் மேல் நிற்கிறது. டயர்களைத் திருப்பிக் கொடுக்க வீல்களைக் கழற்றியது இவரேதான். மூன்றாவது டயரின் கான்வாஸைத் தடவிப் பார்த்தவர், மீனாவைக் கூப்பிட்டு நெற்றி வீக்கத்தையும் தடவிப் பார்த்தார். இத்தோடு புத்தி வந்ததென்று நினைத்தேன். நேற்று வந்து சொல்கிறார், யாரிடமோ அகலமான டயர் இருக்கிறதாம், மட்கார்டைக் கொஞ்சம் தட்டி விரித்தால் நுழைந்துவிடுமாம். திருப்பத்தில் மட்கார்டில் உரசி அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, டேப்பை எடுத்துக்கொண்டு மட்கார்டை அளக்கப் போய்விட்டார். நேர்ந்த நாளை மாற்றக் கூடாது என்று மாமியார் ஒரு பக்கம். சரியான டயர் கிடைக்காவிட்டால் இவர் அதைத்தான் மாட்டுவார். அப்படி மாட்டினால் நான் பிள்ளைகளோடு பஸ்ஸில்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் காரில் மீதி மூன்று பேர் இருப்பார்களே.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. மதுரையிலோ திருச்சியிலோ சென்னையிலோ 4.50-19 அளவில் மெய்யாகவே புதிய டயர் நாலு, எந்தக் கடையில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரியுங்கள். நோட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டாம்; தனியாக ஒரு கார்டு போடுங்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.