லீசுப் பணமும் ஆடி மாதமும்

மாதாமாதம் வாடகைக்குப் போய் நிற்க எனக்கு வராது. கூச்சம். அதனால்தான் மயிலாப்பூர் வீட்டின் மாடிப் போர்ஷனை லீசுக்கு விட்டேன். எட்டு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று வருஷம் வாடகை கிடையாது. காலி செய்யும்போது எட்டு லட்சத்தையும் அப்படியே திருப்பித் தர வேண்டும். வந்தவர் தி.நகரில் தையல்கடை வைத்திருக்கும் பாய். மனைவி, இரண்டு பெண்கள்.

பணத்தை பாங்கில் போட்டேன். என் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"பாங்குல போட்டு இன்னா பண்ணப்போறே? மனையா வாங்கிப் போடுக்கா, வளரும்."

"அது நம்ம பணம் இல்லையேடா."

"அவர் கிளம்பும்போது அடுத்தவன் குடுப்பான், அதை எடுத்து இவர்கிட்ட குடு. ஊரே அப்படித்தான் நடக்குது."

ஐந்தாவது வரை படித்தவள் என்ன பேசுவேன்? செங்கல்பட்டு தாண்டி ஒரு மனை வாங்கினோம். பத்திரத்தில் என் பெயரைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கெடு முடிகிற ஆனி மாதத்தில் பாய் வாசலில் வந்து நின்றார். சொந்தமாக ஃபிளாட் வாங்கப் போகிறாராம். ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அடுத்த மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அந்த ரெண்டும் போய்விடும்.

"ஆடியிலா? ஆடியில யாரு குடி மாறுவாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "நமக்கு இன்னாம்மா ஆடி?"

புரோக்கரோ கையை விரித்தான். "ஆடியில எவன்மா வீடு பாக்க வருவான்? மனையும் அப்படித்தான். ஆடிப் பெருக்கு அன்னிக்கு வேணா எவனாவது கேப்பான், அடிமாட்டு விலைக்கு."

"ஆவணி வரைக்கும் பொறுக்கச் சொல்லுக்கா" என்றான் தம்பி.

"நீ வந்து சொல்லு."

"லீசுப் பத்திரத்துல உன் கையெழுத்துதானே கீது?"

இரண்டு தடவை பாதிப் படி ஏறி இறங்கி வந்தேன். மூன்றாவது தடவை, பணம் மனையில் முடங்கிவிட்டது, ஆவணி வரை பொறுக்க வேண்டும் என்று பாயின் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அந்த ரெண்டு லட்சம் அவரு கண்ணு நோகத் தைச்ச காசும்மா" என்றது, அவ்வளவுதான்.

கடைசியில் பாயே வழி சொன்னார். அவருடைய சித்தி மகன் ஒன்பது லட்சத்தோடு லீசுக்கு வீடு தேடுகிறாராம். "ஆனா அவங்க அம்மா மாடி ஏற மாட்டாங்க. கீழ்ப் போர்ஷன்னா நாளைக்கே வந்துடுவாங்க."

கீழ்ப் போர்ஷனில் இருப்பது நான். கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கேதான்.

"உனக்கு மட்டும் முட்டி வலி இல்லையா? பைத்தியமாக்கா நீ?" என்று தம்பி போனில் கத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் கத்தினேன். "வளரும்னியே, வளர்ந்ததுல ஒரு பிடி வித்துக் குடேன் பாக்கலாம்!"

ஆடி இருபதாம் தேதி, பாய் காலி செய்த மாடிக்கு நான் குடி போனேன். பாயின் பெண்கள்தான் சாமான்களைத் தூக்கினார்கள். அவர் நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டார். எனக்கு எட்டு லட்சக் கடன் போய் ஒன்பது லட்சக் கடன் வந்தது. ஆவணி பிறந்தும் மனை பார்க்க ஓர் ஆள் வரவில்லை.

அவசரத்தில் இட்லிப் பானையைக் கீழே பரணிலேயே விட்டுவிட்டேன். கதவைத் தட்டிக் கேட்டால் கொடுப்பார்கள். என் வீட்டுக் கதவை நானே எப்படித் தட்டுவது? பதினைந்து நாளாகத் தோசைதான்.