ஜன்னல் வரிசை

நேர்மையான ஒருவரின் பெயரைக் கெடுத்தவன் நான். அவர் நேர்மையானவர் என்பது அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார் ரியாஸ் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். துப்பாக்கி விளையாட்டில், அணிக்கு ஐந்து பேராக ஒரு போட்டி அறிவித்தார். எங்கள் ஊர் மடுல்சீமையில் என் தம்பி ரவி ஓர் அணிக்கு ஆள் சேர்த்தான்.

"அண்ணே, நீங்க டவுன்லதானே வேலை செய்றீங்க. அந்த நானா ஆளு எப்பிடின்னு பாத்துச் சொல்லுங்க. சந்தேகப்பட ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சந்தேகப்படுவதற்குப் படிப்பு எதற்கு? மூன்று நாள் அலைந்தேன். போன தடவை வென்றவர்களைத் தேடிப் பிடித்து, பரிசு கைக்கு வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். தோற்றவர்களும் அவரைத் திட்டவில்லை. அது எப்படி? குறையே இல்லாத ஆள் இருப்பாரா... அதை அறியும் ஆசை என்னைச் சும்மா விடவில்லை.

கடையில் ஜன்னல் பக்கம் ஐந்து புதிய கம்ப்யூட்டர்கள். சுவர்ப் பக்கம் ஐந்து பழசு, அடிக்கடி நின்றுபோகும். யாருக்கு எந்த வரிசை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார். 'சலுகை கேட்கும் அணி நீக்கப்படும்' என்று கதவில் ஒட்டியிருந்தார்.

போட்டிக்கு முதல் நாள் போனேன். "நானா, நம்ம பையன்களுக்கு ஜன்னல் வரிசையப் பாத்துக் குடுங்களேன்."

உங்களிடம் சொல்கிறேன், எனக்கு அந்த வரிசை வேண்டியதில்லை. அவர் வளைவாரா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

அவர் கதவைக் காட்டினார். "வாசிக்கத் தெரியும்தானே தம்பி? இப்ப கேட்டது என்ட காதுல விழல்ல. போங்க."

சந்தோஷமாக வெளியே வந்தேன். ஹாலிஎல அணிப் பையன் ஒருவன் எனக்கு முன்னால் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தான். பொருட்படுத்தவில்லை. "தங்கமான மனுசன்டா" என்று ரவியிடம் சொன்னேன்.

மறுநாள் முதல் ஆட்டமே எங்களுக்கும் ஹாலிஎல அணிக்கும். சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு ஜன்னல் வரிசை வந்தது...

"குலுக்கலாமாம் குலுக்கல்" என்றான் நேற்றுப் படியில் பார்த்த பையன். "இந்த அண்ணன் நேத்தே கேட்டு வாங்கிட்டாரு. என் காதால கேட்டேன். நாடகம் போட வேற எடம் இல்லியா நானா?"

நான் கேட்டது அவன் காதில் விழுந்திருக்கிறது. நானா சொன்ன பதிலைக் கேட்க நிற்காமல் அவன் படியிறங்கியிருக்கிறான்.

நானா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, காத்திருந்தார். கேட்டேன், அவர் மறுத்தார்... இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியது. ஆனால் சொன்னால் கதவில் ஒட்டியிருந்த விதிப்படி நாங்கள் வெளியே. ரவியோ விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன். விரல்களைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஹாலிஎல அணி கிளம்பியது. பின்னாலேயே மற்ற அணிகளும். அதன் பிறகு அவர் போட்டி நடத்தவே இல்லை. கூப்பிட்டால் யார் வருவார்கள்?

அவராவது ஏன் சொல்லவில்லை? சொன்னால், கேட்டவுடனே எங்களை நீக்காமல் விட்டதையும் சொல்லவேண்டி வரும். அந்த விதியை எனக்காக ஒருமுறை மீறியிருந்தார். அன்று அவர் காப்பாற்றியது தன்னையா, என்னையா? இன்றும் யோசிக்கிறேன்.

இப்போது அவருடைய அந்தக் கடை போட்டோ கொப்பிக் கடை. போன மாதம் போனேன்.

"எத்தன கொப்பி தம்பி?"

"இருபது நானா."

எடுத்துக் கொடுத்தார். அன்று சொல்லாததை இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவர் கண்ணெதிரே தாள்களை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருபது இருந்தன.