திண்டுக்கல்லில் ஒரு கடற்கரைக் கோட்டை

அட்டைக் கோட்டைக்குத் தளபதியாக நிற்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மீசையை ஒட்டினால் அரிக்கும், ஒட்டாவிட்டால் முதலாளி கடிப்பார். நாள் முழுக்க நின்றே பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்குப் புரியும்.

கடல் வழியாக எதிரி வந்துவிடுவானோ என்று பயந்து அந்தக் காலத்தில் கரையில் பீரங்கிக் கோட்டை கட்டினார்களே, அதன் நகல் ஒன்றைத் திண்டுக்கல் பொருட்காட்சியில் பிளைவுட்டிலும் தெர்மாக்கோலிலும் நிறுத்தியிருந்தோம். கூட்டம்தான் இல்லை. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பறம் இதைப் பேய் வீடா மாத்திருவேன். நீதான் பேய்" என்றார் முதலாளி. அதே ஞாயிறுதான் கீரனூரிலிருந்து எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா, என் வேலையை நேரில் பார்த்து முடிவு சொல்ல வருவதாக இருந்தார். தளபதிக்கே பெண் கொடுப்பாரோ மாட்டாரோ, வெள்ளை நைட்டி போட்ட பேய்க்கு யார் கொடுப்பார்கள்?

கப்பல் வரும் வழி

பேகம்பூரிலிருந்து தோல் வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் வந்தார். நானும் அடித்தொண்டையில் விளக்கினேன். அதோ தெரிகிற நீலத் தார்ப்பாய்தான் கடல். எதிரிக் கப்பல் தலைகாட்டினால் இந்தப் பீரங்கி முழங்கும். பீரங்கி என்றால் பெரிய பிவிசி குழாய், உள்ளே புகை மெஷின். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்.

"தம்பி, நம்ம ஊருக்குக் குடிக்கிற தண்ணியே லாரியிலதான் வருது. கப்பல் வந்தாலும் லாரியிலதான் வரணும்."

படையல்

திறப்பு விழாப் பூஜையில் பீரங்கிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வாயில் எலுமிச்சம்பழமும் செருகியிருந்தார்கள். யாரும் துடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டு அக்கா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். அந்த நேரம் பார்த்துப் பீரங்கி புகை கக்கியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அக்கா சூடம் பற்றவைக்கப் போனார். சுவரெல்லாம் தெர்மாக்கோல் ஆச்சே! வாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "அக்கா, இது சாமி இல்லைக்கா, வெறும் குழாய்" என்று கெஞ்சினேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும் அப்பு. இதுக்குக் கெடா வெட்டலாமா, இல்ல சைவமா?"

முற்றுகை

சேதி பரவி, ஞாயிறு சாயங்காலம் ஏகக் கூட்டம். முதலாளி பேயை மறந்தே போனார். கூட்டம் நெருக்கியதில் இடதுபக்கச் சுவர் சாய, நான் முதுகைக் கொடுத்து முட்டுக் கொடுத்தேன். மீசை பாதி கழன்று உதட்டில் தொங்குகிறது. அப்போதுதானா பெண்ணும் அவள் அப்பாவும் கையில் டெல்லி அப்பளத்தோடு எதிரே வந்து நிற்க வேண்டும்! சம்பந்தம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

போனில் அதுவரை என்னைத் 'தம்பி' என்றே கூப்பிட்ட மனிதர், மேலும் கீழும் பார்த்தார். பெண் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏனுங்க மாப்ளே, கோட்டைய யாருகிட்டயாச்சும் குடுத்துட்டு வாங்க. அப்பளம் நமுத்துப் போகுதுங்க."

கோட்டை கட்டுகிறவன் கடலையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆளைப் பிடித்துப்போக வருகிறவர் கீரனூர் பஸ்ஸில் வந்து இறங்குவார்.